பிரிவுக் காட்சி

படம் எங்கே தொய்கிறது என்று சொல்வதுதான் அவளுடைய வேலை. எடுத்துக் கோர்த்த படத்தைத் திரையில் ஓடவிட்டுப் பார்ப்பாள். கதையைத் துண்டு துண்டாகப் பிரித்து எது எலும்பு, எது வெறும் சதை என்று சொல்லுவாள். கம்பெனியில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். நேரிலேயே அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய அக்கா மட்டும், "உட்கார்ந்து படம் பார்க்கறதெல்லாம் ஒரு உத்தியோகமாடி?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த முறை அவளிடம் வந்தது குடும்பத்தோடு பார்க்கிற படம். ஒரு நாய்க்கும் ஒரு கழுதைக்கும் உண்டான சிநேகம்தான் கதை. நெற்றியில் கருவட்டம் இருந்ததால் நாய்க்குப் பொட்டு என்று பெயர். கழுதைக்கு அதன் நிறமே பெயர்: சாம்பல். வெள்ளோட்டமாகக் கொஞ்சம் குழந்தைகளைக் கூட்டிவந்து படத்தைப் போட்டுக் காட்டியிருந்தார்கள். முதல் பாதியில் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தன. நாயும் கழுதையும் பிரிகிற இடத்தில் அழ வேண்டியவை, தண்ணீர் கேட்டன, வெளியே போக வேண்டும் என்றன, ஒன்றின் முதுகை ஒன்று சுரண்டின. டைரக்டருக்கு அது முதல் படம். ஈயாடாத முகத்தோடு அவளிடம் வந்து நின்றார்.

அவள் எடிட்டிங் அறையில் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு டைரக்டரைக் கூப்பிட்டாள். மிருகங்களைப் பழக்கிய மாஸ்டரும் கூட வந்தார். ஐம்பது வயது தாண்டியவர். நாற்காலி இருந்தும் கதவோரமாகவே நின்றார்.

"கதை சரியாத்தான் இருக்கு. சேர்றது, நெருங்கறது, பிரியறது, தேடறது, திரும்பச் சேர்றது. அஞ்சு தூணும் நின்ன இடத்துல நிக்குது. ஆனா மூணாவது தூண் அட்டைல செஞ்சது" என்றாள்.

"புரியல மேடம்."

"மனுஷங்க கதைன்னா சண்டை போடுவாங்க, திட்டுவாங்க, மனசு மாறுவாங்க. வசனம் இருக்கு. இதுங்களுக்கு என்ன இருக்கு? பக்கத்துல நிக்கறது, தூரத்துல நிக்கறது, அவ்வளவுதான். தூரம்தான் இதுங்களோட வசனம். அந்தத் தூரம் பொய்யா இருந்தா முழுப் படமும் பொய்."

பிரிவுக் காட்சியை ஓடவிட்டு ஓரிடத்தில் நிறுத்தினாள். திரையில் பொட்டு வெறும் கொட்டகையைப் பார்த்து நின்றது. பின்னணியில் வயலின் உருகிக்கொண்டிருந்தது. ஆனால் நாயின் பார்வை கொட்டகையில் இல்லை, கொஞ்சம் தள்ளி வேறெங்கோ இருந்தது. வால் ஆடிக்கொண்டிருந்தது.

"கழுதை எங்க நிக்குது இப்போ?" என்று கேட்டாள்.

"கேமராவுக்குப் பின்னாடிதாம்மா" என்றார் மாஸ்டர். "அது கண்ணுல படலைன்னா இது ஓரிடத்துல நிக்காது. அதான் அங்க கட்டியிருந்தேன்."

"குழந்தைங்க அதைக் கண்டுபிடிச்சிட்டாங்க. அவங்களால சொல்லத் தெரியல, அவ்வளவுதான். பிரிவு நிஜமாத் தெரியணும். அது ஒண்ணை மட்டும் திரும்ப எடுங்க."

டைரக்டரின் முகத்தில் உயிர் வந்தது. "அப்போ நிஜமாவே பிரிச்சிடலாம். கொஞ்ச நாள்."

மாஸ்டர் கைகளைக் கட்டிக்கொண்டார். "அதுங்க ரெண்டும் குட்டியிலேருந்து ஒரே கொட்டகைங்க. நடிக்கச் சொல்லிக் குடுத்து வந்த சிநேகம் இல்ல. சும்மா இருந்ததைத்தான் நீங்க படம் எடுத்தீங்க."

"கொஞ்ச நாள்தானே மாஸ்டர்" என்றார் டைரக்டர். அவள் அதற்குள் அடுத்த ரீலுக்குப் போயிருந்தாள். எப்படி எடுப்பார்கள் என்பது அவள் வேலையில்லை.

புதிதாக எடுத்த காட்சிகள் வந்தபோது அவள் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பொட்டு கொட்டகைக்குள் நுழைந்து மூலை மூலையாக மோந்தது. வைக்கோலைக் காலால் விலக்கிப் பார்த்தது. தீனித் தொட்டிக்குள் முகத்தை வைத்து அப்படியே படுத்தது. வெளியே யாரோ நடக்கிற சத்தத்துக்குத் தலையைத் தூக்கியது, பிறகு தாழ்த்தியது. எந்த நடிகரும் தந்ததில்லை இப்படி ஒரு முகம். வயலினை எடுத்துவிடச் சொன்னாள். வெறும் மௌனமாக அந்தக் காட்சியை நீளமாக விட்டாள்.

மறுபடி குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு குழந்தை அம்மாவின் மடியில் முகம் புதைத்து விம்மியது. டைரக்டர் இருட்டிலேயே அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க இல்லைன்னா இந்தப் படம் இல்ல மேடம்."

அந்தச் சந்தோஷத்தில்தான் நாயைப் பார்க்கக் கிளம்பினாள். பிஸ்கட் வாங்கிக்கொண்டு போனாள். கொட்டகை வாசலில் மாஸ்டர் ஒரு கிண்ணத்தில் பாலும் ரொட்டியும் பிசைந்துகொண்டிருந்தார். பொட்டு வந்தவள் யாரென்று பார்க்கக்கூட எழுந்திருக்கவில்லை. விலா எலும்புகள் வரி வரியாகத் தெரிந்தன.

"கழுதை எங்க?" என்றாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்" என்றார் மாஸ்டர். "ஷூட்டிங் முடிஞ்சா கொண்டுவந்துடுவோம்னாங்க. யாரும் கொண்டுவரல. கேட்டா ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டேங்கறாங்க. ரெண்டும் கம்பெனிச் சொத்து. நான் சம்பளத்துக்குப் பார்த்துக்கறவன்."

அவள் நேராக மேனேஜரிடம் போனாள். மேனேஜர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "திரும்பச் சேர்ற சீனைத்தான் முதல்லயே எடுத்துட்டோமே மேடம். அது நல்லாருக்குன்னு நீங்களே சொன்னீங்க. அப்புறம் எதுக்குக் கழுதை? ஒரு குவாரிக்காரர் கேட்டார், குடுத்தாச்சு. கழுதை கெட்டா குட்டிச்சுவருன்னு சொல்லுவாங்க, நம்மாளுக்குக் குவாரி கிடைச்சிருக்கு." பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை. திரும்பச் சேர்கிற காட்சிக்குக் கீழே 'மாற்றம் தேவையில்லை' என்று தான் எழுதியது மட்டும் நினைவுக்கு வந்தது. குவாரி இருக்கும் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரின் வேனில் பொட்டுவையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். போகிற வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். குவாரிக்காரரிடம் எப்படிக் கேட்பது, கொட்டகைக்கு வேறு இடம் எங்கே பார்ப்பது, தன் வீட்டுப் பின்பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது என்பதெல்லாம். மாஸ்டர் எல்லாவற்றுக்கும் "பார்க்கலாம்மா" என்றார்.

குவாரியில் லாரி இறங்க முடியாத சரிவில் கழுதைகள் உடைத்த கல்லைச் சுமந்து ஏறிக்கொண்டிருந்தன. வெள்ளைத் தூசியில் எல்லாம் ஒரே நிறமாக இருந்தன. அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. மாஸ்டருக்கே ஒரு நிமிடம் பிடித்தது. பொட்டுவுக்கு அந்த நேரமும் தேவைப்படவில்லை. வேன் கதவைத் திறந்ததும் மூக்கைத் தூக்கியது. அத்தனை நாள் எழுந்து நிற்கவே யோசித்த நாய் பாய்ந்து இறங்கிச் சரிவில் ஓடியது. ஓடும்போதே ஊளையும் குரைப்புமில்லாத ஒரு சத்தம் போட்டது.

"போகாதே" என்று நாயைப் பார்த்துக் கத்தினார் மாஸ்டர். அவள் ஏனென்று கேட்பதற்குள் அவர் ஓட ஆரம்பித்திருந்தார். சாம்பலின் பின்னங்கால்களை அவர் பார்த்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே இரண்டிலும் கடித்த புண்கள்.

பொட்டு பின்புறமாகத்தான் போய்ச் சேர்ந்தது. படத்தில் எப்போதும் செய்வதைப் போலக் காலுக்கடியில் நுழையப் பார்த்தது. கழுதை திரும்பிப் பார்க்கவேயில்லை. காதை மடக்கி, சுமையோடு இடுப்பைத் தூக்கி உதைத்தது. குளம்பு நாயின் மார்பில் இறங்கியது. நாய் உருண்டு போய்க் கற்குவியலில் மோதி நின்றது. எழுந்து, தள்ளாடி, மறுபடியும் கழுதையை நோக்கியே போனது. கழுதை மறுபடி உதைக்கக் காலைத் தூக்கியபோது மாஸ்டர் நாயை வாரி எடுத்துவிட்டார்.

கழுதையை ஓட்டிவந்த பெண்மணி பதறிப்போய் இறங்கினாள். "இங்க தெருநாய்ங்க சரிவுல கழுதைங்க காலைக் கவ்வும்ங்க. வந்த புதுசுல இது திருப்பி உதைக்கவே தெரியாம நின்னுச்சு. வாலை வேற ஆட்டிக்கிட்டு அந்த நாய்ங்ககிட்டயே போகும். கடிச்சுக் குதறிடுச்சுங்க. அப்புறம்தான் கத்துக்கிச்சு."

"சாம்பல்" என்று கூப்பிட்டார் மாஸ்டர். கழுதை ஒரு காதை மட்டும் அவர் பக்கம் திருப்பியது. பின்னாலிருந்து இன்னொரு கழுதை முட்டவும் மேலே ஏறத் தொடங்கியது. கேட்டாலும் தர மாட்டார்கள், தந்தாலும் இனி இரண்டையும் ஒரு கூரையின் கீழ் விட முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. யாரும் குவாரிக்காரரைப் பார்க்கப் போகவில்லை.

திரும்புகிற வழியில் நாய் அவள் மடியில் கிடந்தது. மூச்சு விடும்போது உள்ளே ஏதோ குமிழியிட்டது. "டாக்டர்கிட்ட போயிடலாம் மாஸ்டர், கொஞ்சம் சீக்கிரம்" என்றாள். அவர் வேகமாகத்தான் ஓட்டினார். டவுன் வருவதற்கு முன்பே மடியில் இருந்த சூடு குறைய ஆரம்பித்துவிட்டது. அவள் நாயின் கண்களை மூடிவிட்டாள். மாஸ்டர் அதைக் கண்ணாடியில் பார்த்தார். மருத்துவமனையைத் தாண்டி வேன் நேராகக் கொட்டகைக்கே போனது.

புதைத்துவிட்டு மாஸ்டர் கை கழுவினார். "நான் அன்னிக்கு முடியாதுன்னு சொல்லியிருக்கணும். சொல்லல" என்றார்.

"நான் சொல்லித்தானே மாஸ்டர்."

"அதெல்லாம் இப்போ எதுக்கும்மா" என்றார். அதில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் டைரக்டரைப் பார்த்து நடந்ததைச் சொல்லி, பிரிவுக் காட்சியைப் படத்திலிருந்து நீக்கிவிடச் சொன்னாள். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. "அது மட்டும்தானே மேடம் படத்துல நிஜம்" என்றார். வேலை தெரிந்தவளாக அவளால் அதை மறுக்க முடியவில்லை.

படம் வெளிவந்து நன்றாக ஓடியது. மாஸ்டர் அந்தத் தொழிலை விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டாள். போன் செய்தாள், எடுக்கவில்லை. அக்கா வற்புறுத்தி அவளைத் தியேட்டருக்கு இழுத்துப் போனாள். பிரிவுக் காட்சியில் அக்கா மூக்கைச் சிந்தினாள். கடைசியில் நாயும் கழுதையும் புல்வெளியில் ஓடிவந்து முட்டிக்கொண்டபோது தியேட்டரே கைதட்டியது.

வெளியே வந்து செருப்பைச் சரிசெய்தபடி அக்கா கேட்டாள்: "ஏன்டீ, அந்த ரெண்டும் இப்போ எங்க இருக்கு?"

"ஒண்ணாத்தான் இருக்கு."

"நல்லா இருக்கட்டும் பாவம், வாயில்லா ஜீவனுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.