யாருக்கும் தராத மேசை

ஃபெனெல்லா ஆஷ்வொர்த் எங்கள் கிளை நூலகத்துக்கு மேலாளராக வந்த மூன்றாவது வாரம், என்னுடைய பதினோரு வருட வேலையை ஒரே பிற்பகலில் நாசமாக்கினாள். அதுவும் நல்ல எண்ணத்தோடு. கெட்ட எண்ணக்காரர்களையாவது வாய்விட்டுத் திட்டலாம். நல்ல எண்ணக்காரர்களுக்கு நன்றி வேறு சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

என் பெயர் வெர்னா கோல்டிங். அப்பா அம்மா ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். நான் இங்கிலாந்தில், இதே லீட்ஸ் நகரத்தில் பிறந்து இதே மழையில் ஊறியவள். சின்ன வயதில் இந்த நூலகத்தில் எங்களைப் போன்ற முகத்தை ஒரு புத்தகத்தில் பார்க்க வேண்டுமென்றால், அது சங்கிலியில் கட்டுண்டு இருக்கும், அல்லது கடைசி அத்தியாயத்தில் செத்துப் போகும். எனக்கோ பேய் வேண்டும், கொலை வேண்டும், வேற்றுக் கிரகத்தில் போய் இறங்க வேண்டும். பின்னாளில் இங்கேயே வேலைக்குச் சேர்ந்து, புத்தகம் வாங்கும் பட்டியல் என் கைக்கு வந்ததும், ஒவ்வொரு வருடமும் ஐந்தாறு புத்தகங்களை அதில் நுழைத்தேன். எழுதியவர்கள் கறுப்பர்கள், பாகிஸ்தானிகள், வங்காளிகள். ஆனால் கதை கொலை என்றால் கொலை அலமாரி, காதல் என்றால் காதல் அலமாரி. தனி அடையாளம் எதுவும் கிடையாது. ஜனங்கள் அட்டையைப் பார்த்தார்கள், எடுத்தார்கள், படித்தார்கள், அடுத்ததைக் கேட்டார்கள். எனக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

ஃபெனெல்லாவுக்கு அது போதவில்லை. கறுப்பர் வரலாற்று மாதமான அக்டோபர் வருகிறதென்று ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு கிளம்பினாள். ஒவ்வொரு அலமாரியாக நின்று, ஒவ்வொரு புத்தகத்தையும் திருப்பி, பின்னட்டையில் இருந்த முகத்தைப் பார்த்தாள். முகம் வெளுப்பாக இருந்தால் புத்தகம் அங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் வண்டிக்குள். சந்தேகமான முகங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். தக்காளி பொறுக்குகிற மாதிரி அவள் பொறுக்கியதை நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறுபத்து மூன்று புத்தகங்கள் சேர்ந்தன. வாசலருகே மேசை போட்டு, பூப்போட்ட ஆப்பிரிக்கத் துணி விரித்து, செடி விற்கிற கடையில் வாங்கிய ஒரு மேளத்தையும் அதன்மேல் ஏற்றினாள். விண்வெளிப் போர், பாதிரியார் கொலை, கோமகளின் காதல் எல்லாம் அதில் ஒன்றாகக் கிடந்தன. மேலே பலகை: ‘நிறமுள்ள எழுத்தாளர்களைக் கண்டடையுங்கள்!’ மற்ற எழுத்தாளர்களெல்லாம் நிறமே இல்லாத குழாய்த் தண்ணீர் போலிருக்கிறது.

இதில் உச்சம் எது தெரியுமா? ஒவ்வொரு புத்தகத்திலும் மஞ்சள் பொட்டு ஒன்றை ஒட்டினாள். மஞ்சள் பொட்டு இருந்தால் அது காட்சிக்கு வைத்தது. காட்சி முடியும்வரை கணினி அதை யாருக்கும் இரவல் தராது. அக்டோபர் முடிந்தது. மேசை அழகாக இருக்கிறது, வருடம் முழுக்க இருக்கட்டும் என்றாள் ஃபெனெல்லா. பொட்டை எடுக்கலாமா என்று இரண்டு முறை கேட்டேன். “எடுத்தா மேசையில ஓட்டை விழுமே, வெர்னா” என்றாள்.

ஒருநாள் திருமதி கிளெக் வந்தாள். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வாரத்துக்கு மூன்று கொலை இல்லாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

“அந்த பிராட்ஃபோர்டு இன்ஸ்பெக்டர் கதை மூணாம் பாகம் எங்க கண்ணு? ரெண்டு பாகத்தப் படிச்சுட்டு அந்தரத்துல தொங்குறேன்.”

“அந்த மேசையில இருக்கு.”

“அங்கயா? அது உங்க ஆளுங்களுக்குன்னு வெச்சதில்லையா? உங்க பங்குல நான் ஏன் கை வைக்கணும்னு அந்தப் பக்கமே போகல.” பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டாள்: “எழுதினவர் உங்க ஆளா? ரெண்டு பாகம் படிச்சும் எனக்குத் தெரியலியே!”

எனக்கு அழுகை வந்தது. அவளுக்குத் தெரியாமல் இருந்ததுதான் என் பதினோரு வருடம்.

பஸ் டிரைவராக இருந்த பின்னாக் என்பவர், எங்கள் ஆளேதான், அவரும் மேசையைச் சுற்றிக்கொண்டு போனார்.

“நம்மள அடிச்சதும் நாம அழுததும்தானே அதுல இருக்கும்? அத நான் முப்பது வருஷம் பஸ் ஓட்டியே படிச்சு முடிச்சாச்சு. எனக்கு ராக்கெட் விடுற கதையா ஒண்ணு குடும்மா.”

“ராக்கெட்டும் அங்கதான் கிடக்கு.”

“மேளத்துக்குப் பக்கத்துலயா? போம்மா, கிண்டல் பண்ணாத.”

அடுத்த வருடம் நவம்பரில் கணினி தன் பட்டியலைத் துப்பியது. பன்னிரண்டு மாதம் யாரும் எடுக்காத புத்தகங்களை வெள்ளிக்கிழமை வண்டியில் ஏற்றிக் காகிதக் கூழுக்கு அனுப்ப வேண்டும். பட்டியலில் என் அறுபத்து மூன்றும் இருந்தன. ஃபெனெல்லா கையெழுத்தே போட்டுவிட்டிருந்தாள்.

“சமூகம் இன்னும் தயாரா இல்ல, வெர்னா. எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு.”

“சமூகம் தயாராத்தான் இருக்கு. கம்ப்யூட்டர்தான் தரமாட்டேங்குது. பொட்ட ஒட்டினது நீங்க.”

“வேணும்னா யாராவது கேட்டிருக்கலாமே?”

“நான் ரெண்டு தடவ கேட்டேன்.”

“ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கு வெர்னா. ஒருத்தருக்காக மாத்த முடியாது.” எனக்குத் தேநீர் ஊற்றிப் பேச்சையும் மாற்றினாள். விடுமுறைக்குப் பேய் அலமாரியிலிருந்து ஒரு நாவல் கொண்டுபோனாளாம். கலங்கரை விளக்கத்தில் ஒரு பெண்ணின் ஆவி. மூன்று நாள் விளக்கை அணைக்காமல் தூங்கினாளாம். “எலினோர் பாஸ்கோம்னு ஒருத்தி. என்ன எழுத்து! இவளோடது இன்னொண்ணு இருக்கா? இன்னிக்கே வேணும்.”

நான் தேநீரைக் கீழே வைத்தேன். அந்தப் புத்தகத்தின் பின்னட்டையில் படம் கிடையாது. பெயரும் சுத்த இங்கிலீஷ் பெயர். அதனால் ஃபெனெல்லாவின் தள்ளுவண்டிக்குத் தப்பித்துவிட்டது.

“இருக்கு. உங்க மேசையில. நீங்க கையெழுத்துப் போட்ட பட்டியல்ல நாப்பத்தொண்ணாவது.”

அவள் எழுந்து போய்த் துணிமேல் தேடி அதை எடுத்தாள். திருப்பினாள். பின்னட்டையில் பார்படாஸ் தீவின் கறுப்புப் பெண் எலினோர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஃபெனெல்லாவின் கழுத்து சிவந்து, சிவப்பு காதுவரை ஏறியது. இப்போதாவது புத்தி வந்திருக்கும் என்று நம்பிவிட்டேன், முட்டாள் நான்.

அவள் நகத்தால் அந்த மஞ்சள் பொட்டைச் சுரண்டி எடுத்தாள். கணினியில் ‘காட்சி’ என்பதை அழித்தாள். தன் நூலக அட்டையில் புத்தகத்தைப் பதிந்து பைக்குள் போட்டுக்கொண்டாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

“மிச்சத்த வெள்ளிக்கிழமைக்குப் பெட்டியில கட்டி வெச்சிருங்க” என்றாள்.

நான் துணிமேலிருந்து கைக்கு அகப்பட்ட முதல் புத்தகத்தை எடுத்துவந்து, கணினி முன்னால் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, நகத்தைப் பொட்டுக்கு அடியில் கொடுத்தேன்.

“வெர்னா! என்ன பண்றீங்க?”

“நீங்க பண்ணினதத்தான்” என்றேன். “இன்னும் அறுபத்தி ரெண்டு இருக்கு. நில்லுங்க, பாருங்க.”