தலைக்குள் ஒரு கண்டக்டர்

1

இந்தக் கதை ஒரு அறிவியல் இதழின் இரண்டு பக்கங்களிலிருந்து வந்தது. வருடம் 1966. சென்னையில் என்னோடு விலங்கியல் படித்த நண்பன் அனுப்பினான். துக்கம் நடந்த என் வீட்டுக்கு மற்றவர்கள் பழம் அனுப்பினார்கள்.

முதல் பக்கத்தில் டோபமின். மூளையில் சுரக்கும் பொருள். அது குறைந்தவர்களுக்குக் கை நீட்டுவதே பெரும்பாடாம். இரண்டாம் பக்கத்தில் சில நரம்பணுக்கள். பக்கத்து அணுவை அடக்குவதைத் தவிர அவற்றுக்கு வேறு வேலை கிடையாது. இந்த அணுக்கள் டோபமினை அடக்கினால் என்ன ஆகும்? இரண்டு பக்கங்களையும் ஒட்டியவன் நான். இது கதை, ஆராய்ச்சியல்ல.

2

முதல் தொடக்கம்: 'செண்பகம் இறந்த பிறகு அவள் கணவன்—'

அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: டோபமின் ஒரு பஸ் டிரைவர். கிளம்பத் தயாராக இருக்கிறார். பின்படியில் அடக்கும் அணு, கண்டக்டர் துரைக்கண்ணு. அவனிடம் ஸ்டியரிங் இல்லை. 'ஓல்டான்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதைச் சொன்னால் வண்டி நகராது.

(மனைவி போனதிலிருந்து எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. காபி, சினிமா, தூக்கம், எல்லாவற்றுக்கும் ஓல்டான். இது அடைப்புக்குறிக்குள்ளேயே இருக்கட்டும்.)

3

துரைக்கண்ணுவை என்னாலேயே நம்ப முடியவில்லை. அவனிடமே கேட்டேன்.

"ஏம்பா, வண்டியில ஒருத்தருமில்ல. எதுக்கு நிறுத்திக்கினு இருக்கே?"

"ஒரு தபா ரைட் குடுத்துட்டேன் சார். உங்க சம்சாரம் எறங்கினாங்களா, வுழுந்தாங்களான்னு பாக்கல. இனிமே பாக்காம குடுக்க மாட்டேன்."

"எவ்ளோ நேரம் பாப்பே?"

"உங்களுக்கு என்னா சார் அவசரம்?"

அவசரம் எதுவும் இல்லைதான். ஆனாலும் கதைக்கு ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டரைச் சேர்த்தேன். அடக்குபவனை அடக்க ஓர் ஆள். இதழின்படி அதுவும் சாத்தியமே. அவர் ஏறினார். துரைக்கண்ணு அவருக்கே டிக்கெட் கிழித்துக் கொடுத்தான். வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார்.

4

இனி வருவது தலைக்கு வெளியே.

திண்டிவனத்திலிருந்து என் மாமியார் கோவிந்தம்மாள் குழந்தையைக் கூட்டிப்போக விழுப்புரத்தில் என் வீட்டுக்கு வந்தார். என் மகள் அம்சாவுக்கு இரண்டு வயது.

"கொழந்த உங்களுக்கு வேணுமா, வேணாமா? வேணும்னு ஒரு வார்த்த சொல்லுங்க மாப்ளே, வுட்டுட்டுப் போறேன். மரமாட்டம் நின்னுக்கினு இருந்தா எப்பிடி?"

"பால் வாங்கிக் குடுக்கறேனே அத்தை."

"பால்காரன் கூடத்தான் குடுக்கறான்."*

இப்போது பஸ் நிலையம். அம்சா அவர் மடியில் உட்கார்ந்து டிக்கெட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். நான் ஜன்னலுக்குக் கீழே நிற்கிறேன்.

"கடைசியா கேக்கறேன் மாப்ளே."

* மூன்று வரைவுகளிலும் இதற்குப் பிறகு நான் பால் பாத்திரத்தைக் கழுவுகிறேன்.

5

முடிவு அ: 'வேணும்' என்கிறேன். குழந்தை கைக்கு வருகிறது. எழுதும்போதே பொய் என்று தெரிந்தது. அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: பஸ் போய்விடுகிறது. வீட்டுக்கு வந்து பால் காய்ச்சுகிறேன். பிறகு அதை—

முடிவு இ: அம்சா ஈரமான டிக்கெட்டை என்னிடம் நீட்டினாள், நானும் கொஞ்சம் கடிக்கட்டும் என்று. கை தானாக மேலே போனது. அவள் வேண்டும். டிக்கெட், எச்சில், எல்லாம் வேண்டும்.

அதே நொடியில் நிஜக் கண்டக்டர், பெயர் தெரியாதவர், "ரைட்" என்றார்.

வண்டி நகர்ந்தது. துரைக்கண்ணுவைக் கூப்பிட்டேன்.  தலைக்குள்ளே பார்த்தால் இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று அவன் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார். அடக்குபவன் அடங்கியதால்தான் ஆசை வந்தது. அதனாலேயே நிறுத்தும் சொல் என்னிடம் இல்லை.

பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிறேன். ஓடுபவனால் எழுத முடியாது. கோவிந்தம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பக்கத்துச் சீட்டில் இதைப் படிக்கும் நீங்கள் இருக்கிறீர்கள். கண்டக்டர் காதில் விழும்படி ஒரு சொல் சொன்னால் போதும்.