டோனட் பட்டாளத்தில் பாடியவன்

டோனட் பட்டாளம் என்று ஓர் இசைக்குழு உண்மையில் கிடையாது. பெயர்தான் முதலில் பிறந்தது. எங்கள் இசைத்தட்டுக் கம்பெனியை நடத்திய சால் ட்ரெக்ஸ்லர் ஒரு திங்கட்கிழமை காலையில் டோனட் தின்றுகொண்டே அந்தப் பெயரை ஒரு காகிதத்தில் கிறுக்கி, ஒலிப்பதிவு அறையில் என் மேசை மேல் வைத்தார். "யோவ் ஏப், இதுக்கு ஒரு பாட்டு வேணும், வெள்ளிக்கிழமைக்குள்ள" என்றார். காகிதத்தில் சர்க்கரைத் தூள் ஒட்டியிருந்தது.

இந்த மாதிரிப் பாட்டுக்குப் பபிள்கம் இசை என்று பெயர் வைத்தவர்கள் பத்திரிகைக்காரர்கள். கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். சால் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். "கேக்குறவனுக்குப் பத்து வயசு. அவனுக்குக் காதல் தெரியாது, மிட்டாய் தெரியும். அதனால காதலை மிட்டாய்னு சொல்லு" என்பார். அவ்வளவுதான் அவருடைய இலக்கணம். பாட்டு இரண்டரை நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு தடவை கேட்டால் வாயில் ஒட்டிக்கொள்ள வேண்டும், பல் தேய்க்கும்போதும் போகக் கூடாது. நடுவில் கைத்தட்டல் வேண்டும். நான்கு வரிக்கு ஒரு தடவை 'டம்டி டம்டி டோ' மாதிரி எந்த மொழியிலும் இல்லாத ஒரு சொல் வேண்டும். முகம் மட்டும் வேண்டாம். முகம் உள்ளவன் நாளைக்குப் பெயர் கேட்பான், பங்கு கேட்பான். பெயர் கம்பெனியுடையது. பாடுகிறவன் மதியம் வந்து பாடிவிட்டு, சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டியவன்.

எங்களுக்குக் கிடைத்தவன் காஸ் வொலான்ஸ்கி. இருபத்திரண்டு வயது. புரூக்ளினில் கிரீன்பாயிண்ட்டிலிருந்து வருவான். போலந்துக்காரர்களின் தேவாலயத்தில் அடித்தொண்டையில் பாடி வளர்ந்தவன். சொன்னதைச் சொன்னபடி பாடுவான், சுருதி தப்பாது, கோபப்படவும் மாட்டான். அந்த மாதிரி ஆள் எனக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. குறை ஒன்றுதான், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். சாலுக்கு வேண்டியது பதினான்கு வயதுப் பையன் குரல்.

அதற்கு என்னிடம் வழி இருந்தது. வாத்தியங்களைப் பதிந்த டேப்பைக் கொஞ்சம் மெதுவாக ஓடவிட்டு, அதன் மேல் காஸைப் பாடவைத்தேன். பிறகு டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டினால் வாத்தியம் பழையபடி ஆகிவிடும், குரல் மட்டும் ஏறிவிடும். இன்னொரு தடவை அவனையே அவன் குரலின் மேல் பாடவைத்து இரண்டையும் சேர்த்தேன். அப்போது குரல் தடித்து, பளபளப்பாகிவிடும். முடிந்ததும் போட்டுக் காட்டினேன். காஸ் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஏப், இது நான் இல்ல. என் சித்தி பொண்ணு" என்றான்.

ஜனவரியில் அந்தப் பாட்டு எல்லா ரேடியோவிலும் ஓடியது. சால் ஒகாயோவிலிருந்து முடி வளர்த்த நான்கு பையன்களைப் பிடித்து, மஞ்சள் கோட்டு மாட்டி, ஊர் ஊராக அனுப்பினார். அவர்கள் மேடையில் வாயசைப்பார்கள், இசைத்தட்டு பாடும். பாடியது யார் என்று வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம். வேறொரு பாட்டைப் பற்றி அப்படிச் சொன்ன ஒரு டிரம்காரனை நவம்பரில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நானும் சாலும் அடுத்த பாட்டின் குரலையும் வாத்தியங்களையும் கலந்துகொண்டிருந்தோம். போன் அடித்தது. காஸ்.

"ஏப், வீட்லேருந்து பேசறேன். அப்பாகிட்ட இசைத்தட்டைப் போட்டுக் காட்டினேன். நம்ப மாட்டேங்குறாரு. அட்டையில பேரும் இல்லையா, பொய் சொல்றேங்குறாரு. அவர்கிட்ட குடுக்குறேன். ஒரே ஒரு வார்த்தை, நான்தான் பாடினேன்னு சொல்லுங்க."

நான் வாயைத் திறக்கும் முன் போன் கை மாறிவிட்டது. அப்பாவின் குரல் வந்தது. நிதானமான குரல்.

"மன்னிக்கணும் மிஸ்டர். நான் சர்க்கரை ஆலையில வேலை பாக்குறவன். எனக்கு இந்த விஷயமெல்லாம் தெரியாது. போன வருஷம் ஆறு மாசம் கணக்குப் படிக்கப் போறேன்னு சொல்லிட்டு என் பையன் வேற எங்கயோ போயிட்டிருந்தான். அதனாலதான் கேக்குறேன். இந்த டோனட் பாட்டு, இதுல பாடறது காஸா?"

சால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"டோனட் பட்டாளம் ஒகாயோக்காரப் பசங்க நாலு பேரு, சார்" என்றேன். "காஸ்னு யாரையும் எனக்குத் தெரியாது."

"நன்றி மிஸ்டர்" என்று வைத்துவிட்டார்.

நாளைக்குக் காஸிடம் சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நான் அப்போது நினைத்தது அவ்வளவுதான். நல்லவன் கெட்டவன் என்றெல்லாம் யோசிக்கவில்லை, கலவையை முடித்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

காஸ் திங்கட்கிழமை வரவில்லை. புதன்கிழமை போன் செய்தான். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன், அவன் விடவில்லை.

"சால் பக்கத்துல இருந்தாரா?"

"ஆமா."

"அதானே. விடுங்க ஏப். உங்க வேலை போயிட்டா எனக்குச் சோறு யார் போடுவா, சொல்லுங்க." சிரித்தான். அப்புறம் குரல் இறங்கியது. "அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? நாள் பூரா சர்க்கரை மூட்டை தூக்கிட்டு வரேன், வீட்ல வந்து நீயும் சர்க்கரை பொய் சொல்றியாங்குறாரு. டேப்பை ஓட்டுற வேகம்னு விளக்கினேன். அப்படி யாராவது செய்வாங்களா, பாடத் தெரிஞ்சவன் குரலைக் கெடுப்பாங்களான்னு கேட்டாரு."

"நான் கிரீன்பாயிண்ட்டுக்கு வரேன். நேர்ல சொல்றேன்."

"இப்ப சொன்னா நான் கூட்டிட்டு வந்த ஆளும்பாரு. சனிக்கிழமை ஸ்க்ராண்டன்ல ஒரு பள்ளிக்கூடத்துல மஞ்சக் கோட்டுக்காரனுங்க ஆடுறானுங்க. அங்க போறேன். அவனுங்கள்ல ஒருத்தனைப் பிடிச்சு அப்பாகிட்ட பேச வைக்கிறேன். வாயசைக்கிறவனே சொன்னா நம்பித்தானே ஆகணும்."

போகாதே என்று நான் சொல்லவில்லை. நல்ல யோசனை என்றுகூடச் சொன்னேன். சனிக்கிழமை மதியம் ஸ்க்ராண்டனுக்குப் போகும் பென்சில்வேனியா மலைச்சாலையில் பனி உறைந்திருந்தது. காஸின் கார் ஒரு லாரிக்கு அடியில் போய்விட்டது. மேடையில் நான்கு பேரும் அவன் குரலுக்கு வாயசைத்த நேரத்தில் அவன் உயிரோடு இல்லை.

அடக்கத்துக்கு நான் போனேன். தேவாலயத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு யாரிடமும் பேசாமல் வந்துவிட்டேன். மூன்றாம் வாரம் சால் சொன்னார், "அந்த டோனட் டேப் சும்மாதானே கிடக்கு. குரலை எடுத்துட்டு வேற வரி போட்டு ஒரு பொண்ணைப் பாட வை. வேற பேர்ல விடலாம்." எல்லோரும் செய்வதுதான். குரல் இருந்த இரண்டு தடங்களின் மேல் அந்தப் பெண்ணைப் பாடவைத்துப் பதிவுப் பொத்தானை அழுத்தினேன். காஸின் குரல் இரண்டரை நிமிடத்தில் போய்விட்டது. சால் கேட்டார், நான் செய்தேன். வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

ஏப்ரலில் ஒரு காலை, வரவேற்பறைப் பெண் யாரோ ஒருவர் வந்திருப்பதாகச் சொன்னாள். நான் எட்டிப் பார்த்து, "சொல்லுங்க சார்" என்றேன். அகலமான மனிதர், கையில் தொப்பி, கக்கத்தில் இசைத்தட்டு. தன் பெயர் வொலான்ஸ்கி, காஸின் அப்பா என்றார். கைகளைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டேன்.

உள்ளே அழைத்து உட்காரவைத்தேன். சால் அன்று ஊரில் இல்லை.

"மிஸ்டர், அவன் டைரியைப் படிச்சேன்" என்றார். "பாட்டு பதிஞ்ச அன்னைக்கு இந்த விலாசம் எழுதியிருக்கான். என் குரலை நானே கேட்டேன், சித்தி பொண்ணு மாதிரி இருந்துச்சுன்னு எழுதியிருக்கான். டைரில யாரும் பொய் எழுத மாட்டாங்க. ஆனா இந்தத் தட்டை நூறு தடவை கேட்டுட்டேன். என் பையன் இதுல இல்ல. எனக்கு இன்னைக்குத் தெரிஞ்சாகணும். இது அவனா?"

"அவன்தான்" என்றேன்.

"காட்டுங்க. பதிஞ்ச டேப்பு இருக்குமே."

"அழிச்சிட்டோம் சார். மேல வேற பதிஞ்சிட்டோம்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். தலையை ஆட்டிக்கொண்டு தட்டை நீட்டினார். அதைச் சுழல் மேசையில் வைத்தேன். ஊசியை இறக்கினேன். பதினான்கு வயதுப் பையன் மிட்டாய்க்காக உருகினான். கைத்தட்டல், டம்டி டம்டி டோ. அந்தப் பாட்டை அவ்வளவு வெறுத்தது அன்றுதான்.

பிறகு கட்டைவிரலைத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். லேசாக, தோல் மட்டும் படும்படி. தட்டு தயங்கியது. வாத்தியங்கள் சோம்பிப்போய், கைத்தட்டல் யாரோ தூக்கத்தில் தட்டுவதுபோல் விழுந்தது. ஆனால் குரல் இறங்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். இறங்கி, இறங்கி, காஸ் வந்து நின்றான்.

வொலான்ஸ்கியின் முகத்தை நான் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"ரெண்டு பேர் பாடறாங்க" என்றார்.

"ரெண்டும் அவன்தான் சார். ரெண்டு தடவை பாடவெச்சோம்."

"ரெண்டும் அவன்தான்." அதையே இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். "சனிக்கிழமையில குளிக்கும்போது இப்படித்தான் பாடுவான். தண்ணி வீணாகுதுன்னு கதவைத் தட்டுவேன்."

பாட்டு முடிந்தது. மறுபடி போடச் சொன்னார், போட்டேன். மூன்றாவது தடவை அவரே எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"இதை எனக்குச் சொல்லித் தாங்க. வீட்ல அவங்க அம்மாவுக்குப் போட்டுக் காட்டணும். அந்த ஞாயித்துக்கிழமையிலேருந்து அவ என்கூடப் பேசல. அவ அன்னைக்கே சொன்னா, பையன் சொன்னா நம்புன்னு. நான்தான் போன்லயே கேட்டுட்டேன்ல, இனிமே என்ன பேச்சுன்னேன்."

அவருடைய விரலைப் பிடித்து எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினேன். முப்பது வருடம் மூட்டை தூக்கிய விரல், நகம் தடித்து மஞ்சளாக இருந்தது. தட்டைத் தொட்டார். தட்டு நின்றுவிட்டது. காஸ் ஒரு முனகலோடு அடங்கினான். விரலை எடுத்தார், பாட்டு குதித்துக் கிளம்பியது. மறுபடி தொட்டார், நின்றது. லேசா, லேசா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு முயன்றார். ஏழெட்டுத் தடவை இருக்கும்.

"நான் தொட்டா நின்னுடுறான்" என்றார்.

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. "சார், நான் வீட்டுக்கு வரேன். நீங்க சொல்ற நாள்ல வந்து அம்மாவுக்கு நானே போட்டுக் காட்டுறேன்" என்றேன். அத்தோடு அன்று போனில் பேசியது நான்தான் என்பதையும் சொல்லிவிட நினைத்தேன், வாய் வரவில்லை.

அவர் தட்டை எடுத்து அட்டைக்குள் போட்டார்.

"வேண்டாம் மிஸ்டர். உங்க குரலை அவ கேக்க வேண்டாம்."

நான் சுழல் மேசையை நிறுத்தினேன்.

"நீங்க வாசல்ல வந்து 'சொல்லுங்க சார்'னு சொன்னதுமே தெரிஞ்சிடுச்சு" என்றார். சத்தம் போடவில்லை. எனக்கு விளக்குவதுபோலக்கூட இல்லை, தனக்கே கணக்கு ஒப்புவிப்பதுபோல் இருந்தது. "ஒரு நிமிஷம்கூட இருக்காது நீங்க போன்ல பேசினது. மூணு மாசம் ஆச்சு. கேட்டவுடனே போன்ல பேசினவர்தான்னு கண்டுபிடிச்சிட்டேன். என் பையன் இருபத்திரண்டு வருஷம் என் வீட்ல பேசினான், அவன் குரல் தெரியல."

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

"அவன் அன்னைக்கு உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டான்ல. அதைச் சொல்லுங்க. நான் கேட்டுட்டுப் போறேன்."

"பாடினது காஸ்தான்" என்றேன். "உங்க பையன்தான் சார் பாடினான்."

"ஒகாயோக்காரங்க இல்லையே?"

"இல்ல சார்."

அவர் காதோரம் கையை வைத்துக்கொண்டு, போனில் கேட்கிற மனிதர் மாதிரி அதைக் கேட்டார். "நன்றி மிஸ்டர்" என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு, தட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினார்.