தட்டில் விரிந்த விசிறி

என் மனைவி தோக்கியேயின் இடது கண் பிதுங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. ஒரு மாதமாகவே மூக்கை ஒட்டிய எலும்புப் பொந்தில் ஏதோ பூஞ்சை. எந்தப் பூஞ்சை என்று தெரியாமல் கொடுத்த மருந்து கேட்கவில்லை. மறுநாள் காலை கண்ணையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

அதே ஆஸ்பத்திரியின் சோதனைக்கூடத்தில்தான் நான் கண்ணாடித் தட்டு கழுவுகிறேன். ஜப்பானின் ஓய்த்தா மலையில் முப்பது வருஷம் காளான் வளர்க்கும் மரக்கட்டைகளைச் சுமந்து இடுப்பு போனபின் கிடைத்த வேலை. நோயாளியின் சளியைத் தட்டில் இட்டு வளர்ப்பார்கள். பூஞ்சையை அடையாளம் காட்டும் வித்துத்தூள் இல்லாமல் வெறும் வெள்ளைப் பஞ்சு வளர்ந்தால், காற்றில் வந்த தூசி என்று எழுதிவிடுவார்கள். நான் ஆவியில் வேகவைத்துக் கழுவுவேன். தோக்கியேயின் இரண்டு தட்டுகள் அப்படித்தான் போயின. மூன்றாவது, அலமாரியில் இடமில்லாமல், மூன்று வாரமாக ஜன்னலோரம் கிடந்தது.

"அனாமிசான், அதையும் அள்ளிட்டுப் போங்க. மூணு மணிக்கு வேகவைக்கணும்," என்றார் என்னிடம், தட்டுகளைச் சோதித்து முடிவு எழுதும் குகிமியா.

எடுத்தேன். பஞ்சின் மேல் நகக்கண் அளவில் மயிர் படர்ந்த விசிறிகள்.

"இது தூசி இல்லீங்க. விசிறிக் காளான்."

"தட்டு கழுவுறவரு பேரு வைக்க ஆரம்பிச்சிட்டாரா? நாளைக்கு ஆபரேஷனையும் நீங்களே பண்ணிடுங்க."

"வெயில் பட்ட கட்டையில முதல்ல வர்றது இதுதான். அடியில பாருங்க, ஒவ்வொரு மடிப்பும் ரெண்டாப் பிளந்திருக்கும்."

"கட்டையில வர்றது மூக்குல வருமா? உங்க வீட்டம்மா நிலைமை தெரியும், எனக்கும் வருத்தம்தான். தட்டைக் குடுங்க."

நான் கொடுக்கவில்லை. அவர் முகம் சிவந்தது.

"தூசின்னு ரெண்டு தடவை கையெழுத்துப் போட்டவன் நான்," என்றார் மெல்ல.

"மூணாவது போடுறதுக்கு முன்னாடி ஒருதரம் பாருங்க. தூசின்னா நானே வேகவைக்கிறேன்."

நுண்ணோக்கியில் குனிந்தவர் நிமிரவே இல்லை. மணி மூன்றைத் தாண்டியது.

"இழையில கணுவுக்குக் கணு கொக்கி இருக்கு," என்றார் கடைசியில். "காளான் ஜாதிதான்."

உடனே போனை எடுத்தார். "டாக்டர், நாளைக்குக் கண்ணை எடுத்துடாதீங்க. மருந்தை மாத்திப் பார்க்கலாம். முந்தின ரெண்டும் தூசி இல்ல. தப்பு என்னோடது."

மருந்து மாற்றிய பன்னிரண்டாம் நாள் வீக்கம் வடிந்தது. தோக்கியே வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மங்கலாத்தான் இருக்கு," என்றாள். "நீங்க சவரம் பண்ணலைங்கறது மட்டும் நல்லாத் தெரியுது."