கீறல் விழாத கடிகாரம்

சாவிக்கொத்திலிருந்து மிகப் பெரிய சாவியைத் தேர்ந்தெடுத்து, அந்த மஞ்சள் கடிகாரத்தின் மேல் மெர்சி அழுத்தி இழுத்தாள். எழுந்த ஓசையில் எனக்குப் பல் கூசியது. கடிகாரத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. மேசைக்கு எதிரே அமர்ந்திருந்த பங்காரம்மா "அடடா" என்று கையை உதறிக்கொண்டார். மெர்சி சிறிதும் பதறாமல் வெல்வெட் துணியால் ஒரு முறை துடைத்தாள். கோடு இல்லை. தேய்ந்தது சாவிதான், கடிகாரமன்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது, ஐப்பசித் தொடக்கம். கோவை கிராஸ்கட் சாலையில் அந்தக் கடையைக் குளிரூட்டிப் புதுப்பித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மஞ்சள், கிளிப்பச்சை, கடல்நீலம், செங்கல் நிறம் எனக் கண்ணாடிப் பெட்டிக்குள் வெளிநாட்டுக் கடிகாரங்கள் வரிசையாக இருந்தன. அத்தனையும் பீங்கான். பீங்கான் என்றால் ஊறுகாய் ஜாடியை மட்டுமே அறிந்திருந்த எனக்கு, அவற்றின் விலையைக் கேட்டபோது நான் பணியாற்றிய பள்ளியின் கூரை நினைவுக்கு வந்தது. எனது எஃகுக் கடிகாரத்தின் வார் அறுந்துபோனதால் மாற்ற வந்திருந்தேன். உள்ளே ஒருவர் அதைச் சரிசெய்துகொண்டிருக்க, நான் மேசைமேல் கிடந்த விளக்கத்தாளை எடுத்துப் படித்தேன். ஓய்வுக்குப் பிறகு காந்திபுரத்து அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துகிறேன். எழுத்து எவ்வளவு சிறியதாயினும் கடைசி வரி வரை படிக்காமல் என் கண் நகராது. கடைசி வரி இதுதான்: கடினமான தரையில் விழுந்தால் உடையக்கூடும்.

"ஏங்கண்ணு, மாப்பிள்ளைக்குத் தலை தீபாவளிக்குக் குடுக்கறது. அவரு ஃபவுண்டரியில இரும்போட பொழங்கறவரு. தாங்குமா?" என்று பங்காரம்மா கேட்டார். பீளமேட்டில் மோட்டார் பம்பு செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர். கழுத்தில் கிடந்ததை விட முகத்தில் மகிழ்ச்சி கனமாக இருந்தது.

"ஒண்ணும் ஆகாதுங்கம்மா."

"கீழ போட்டாருன்னா?"

"ஒண்ணும் ஆகாதுங்க."

தாள் என் கையில் இருந்தது. கேளாத இடத்தில் வாய் திறப்பது எனக்கு வழக்கமில்லை. பச்சைதான் மங்களம் என்று பங்காரம்மா கிளிப்பச்சைக் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு, போகும்போது என்னையும் பார்த்துச் சிரித்தார். "மாஸ்டருக்கு ஒண்ணு வாங்கிப்போடலாமுங்களே! இந்தச் செவப்பு எடுப்பா இருக்கும்."

மெர்சி எங்கள் துடியலூர்க்காரி. அவளுடைய தாய் நாள்முழுதும் பிறர் தோட்டத்தில் களையெடுப்பவர். காலையில் நாங்கள் இருவரும் ஒரே பேருந்தில் காந்திபுரம் வருவோம். நாள்முழுதும் கடிகாரம் விற்கும் அப்பெண்ணின் கையில் கடிகாரம் கிடையாது. கவுண்டம்பாளையம் தாண்டியதும் முன்னிருக்கையிலிருந்து திரும்பி, "மணி என்னங்க சார்?" என்பாள். "எட்டு ஐம்பத்து மூன்று" என்பேன். ஏறத்தாழ ஒன்பது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வேலைக்கு அவளைப் பரிந்துரைத்ததும் நானே. மேலாளர் நஞ்சுண்டன் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். 'இப்பெண் பொய் சொல்லமாட்டாள்' என்று என் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தேன்.

அன்று மாலை பேருந்தில் அவளைக் கடிந்துகொண்டேன். உடையும் என்று அச்சிட்டிருக்கும்போது ஒன்றும் ஆகாது என்று எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன்.

"எனக்கும் தெரியுமுங்க சார். கம்பெனியிலிருந்து வந்தவரு கீறல் விழாதுன்னு மட்டும் சொல்லுங்கன்னுதான் சொல்லிக்குடுத்தாரு. ஆனா மேனேஜரு காலையில சாமி படத்துக்கு முன்னால எங்களை நிக்க வெச்சு, 'ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லு, உடையும்னு சொன்னா எவன் வாங்குவான்?'னு சொல்றாருங்க. தெனமும் மூணு தடவை சொல்லச் சொல்லிக் கேப்பாரு. நானும் சாமி படத்தைப் பாக்காம சொல்லிப்போடுவேன்." சிரித்தாள். "நம்ம சாமி வேறதானுங்களே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நஞ்சுண்டனிடம் கேட்கவேண்டும் என்று எண்ணினேன். எண்ணியதோடு சரி.

தீபாவளி கழிந்த நான்காம் நாள் முற்பகலில், கடையிலிருந்து அச்சகத்துக்குத் தொலைபேசி வந்தது. வாத்தியாரய்யா ஐந்து நிமிடம் வந்துபோக முடியுமா என்றார்கள். சென்றேன். நஞ்சுண்டனின் அறையில் பங்காரம்மா அமர்ந்திருந்தார். மேசைமேல் ஒரு கைக்குட்டை விரிந்து கிடக்க, அதன் நடுவே கிளிப்பச்சைத் துண்டுகள். சுவரோரம் மெர்சி நின்றாள்.

நடந்ததைப் பங்காரம்மாவே சொன்னார். எண்ணெய் தேய்த்துக் குளித்து, சம்பந்தி வீட்டார் சூழ மாப்பிள்ளை கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். "சம்பந்தி என்ன சொன்னாருங்கறீங்க? 'பீங்கானுங்களா? அப்ப இதுல காப்பி ஊத்திக் குடிக்கலாமா?'ன்னாருங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு ரோசம் வந்துபோச்சு. கழட்டிக் குடுங்க மாப்பிள்ளைன்னு வாங்கி, பாருங்கன்னு சொல்லி மார்பிள்ல போட்டேன். நாந்தானுங்க போட்டேன். இந்தக் கையாலதான்." கையை நீட்டிக் காட்டினார். "அப்பறம் ஒருத்தரும் சிரிக்கலீங்க. தலை தீபாவளியில இப்பிடி ஆயிப்போச்சேன்னு சம்பந்தியம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. எம்பொண்ணு போறப்ப எம்மூஞ்சியவே பாக்கலை."

வேறு கடிகாரம் தருகிறேன் என்று நஞ்சுண்டன் முன்பே சொல்லியிருக்கிறான். அவர் வேண்டாம் என்றுவிட்டார். "ஒண்ணும் ஆகாதுன்னு இந்தப் புள்ள சொல்லுச்சா இல்லையா? நானா கற்பனை பண்ணிட்டு என் பொண்ணு வாழ்க்கையில வெளையாடிப்போட்டனா? அது ஒண்ணு தெரிஞ்சாப் போதுமுங்க."

"எங்க கடையில அப்பிடி யாரும் சொல்லமாட்டாங்கம்மா" என்றான் நஞ்சுண்டன். "சொல்லியிருந்தா அந்தப் புள்ளைக்கு இங்க வேலை இல்லை. கேட்டேன், சொல்லலைங்குது."

"கீறல் விழாதுன்னு மட்டுந்தானுங்க சொன்னேன்" என்றாள் மெர்சி. அவள் குரல் தரையை நோக்கி இருந்தது.

"அன்னிக்கு மாஸ்டர் பக்கத்துலதான ஒக்காந்திருந்தாரு? அவரு சொல்லட்டும்" என்றார் பங்காரம்மா.

நஞ்சுண்டன் எழுந்து நின்றான். "ஐயா, நீங்க பொய் சொல்லமாட்டீங்கன்னு இந்தக் கோயமுத்தூருக்கே தெரியும். அந்தப் புள்ள சொல்லுச்சுங்களா?"

முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நான் வகுத்திருந்த விதி ஒன்று உண்டு. யார் மீது புகார் வந்தாலும் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டுமே சொல்லவேண்டும். பிறர் சொல்லி அறிந்ததைச் சொல்லலாகாது. அதை மீறிய மாணவரை வெளியே நிறுத்தியிருக்கிறேன். மெர்சி சொன்னதை நான் காதால் கேட்டிருந்தேன். நஞ்சுண்டன் சாமி படத்தின் முன் சொல்லச் சொன்னதை நான் கேட்டதில்லை. அது அவள் சொல்லி அறிந்தது.

"சொன்னாள்" என்றேன். "இரண்டு முறை சொன்னாள்."

நஞ்சுண்டன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வாக்கியத்துக்காக அவன் அஞ்சிக் காத்திருந்தான் என்பதும், அது எந்த வாக்கியம் என்பதை அவன் அறிந்திருந்தான் என்பதும் அந்த ஒரு கணத்தில் எனக்கு ஐயமின்றி விளங்கின. உன் மேலாளர் சொல்லச் சொன்னாரா என்று அவளையே கேட்டிருக்கலாம். கேட்பதற்கு விதி தடையில்லை. நான் கேட்கவில்லை. அந்த அறையில் எல்லாரும் என்னை மதித்து நின்றிருந்தார்கள். அந்த மதிப்பு எனக்கு வெதுவெதுப்பாக இருந்தது என்பதை இப்போது எழுதும்போது மறைக்க வழியில்லை.

"போதுமுங்கய்யா" என்றான் நஞ்சுண்டன். மேசை இழுப்பறையைத் திறந்து, நான்காக மடித்த என் கடிதத்தை எடுத்து, இரு கைகளாலும் பணிவாக என்னிடம் நீட்டினான். "இது உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க."

பங்காரம்மா திடுக்கிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க, வேலைய உட்டு நிறுத்தச் சொல்லி நான் கேக்கலீங்களே. ஆமான்னு சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருப்பேனே. ஏங்கண்ணு இல்லைன்னு சொன்னே?"

மெர்சி நஞ்சுண்டனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முகத்தையன்று, மணிக்கட்டில் புது வாரோடு இருந்த கடிகாரத்தை. கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிப் பச்சைத் துண்டுகளின் அருகே வைத்துவிட்டு வெளியேறினாள்.

கார்த்திகை முழுவதும் அவளைப் பேருந்தில் காணவில்லை. நானும் நஞ்சுண்டனைப் பார்க்கச் செல்லவில்லை. சென்று சொல்லவேண்டிய வாக்கியங்களை மெய்ப்புத்தாளின் ஓரத்தில் எழுதினேன், திருத்தினேன், அடித்தேன். வாக்கியங்களில் பிழையே இல்லை.

மார்கழியில் ஒருநாள் காலை மெர்சி ஏறினாள். கையில் தூக்குப்பாத்திரம், தலையில் முந்தைய நாளின் பஞ்சுத் துணுக்குகள். ஏதோ மில்லில் சேர்ந்திருப்பாள் போலும். எனக்கு முன்னிருக்கையில் மட்டும் ஓர் இடம் காலியாக இருந்தது, அதில்தான் அமர்ந்தாள். கவுண்டம்பாளையம் தாண்டியது. அவள் கழுத்து சற்றே அசைந்தது. நான் சட்டைக் கையை மேலே தள்ளினேன்.

"ஏனுங்கக்கா, மணி என்னங்க?" என்று பக்கத்திலிருந்த காய்கறிக்கூடைக்காரப் பெண்ணைக் கேட்டாள்.

அந்தப் பெண் குனிந்து, சன்னல் வழியே வெயிலைப் பார்த்தாள். "ஒம்பது இருக்கும் அம்மணி."

மெர்சி தலையசைத்து ஏற்றுக்கொண்டாள். அவள் பின்னலில் ஒட்டியிருந்த ஒரு பஞ்சிழை காற்றில் பிரிந்து வந்து, கீறல்கள் நிறைந்த என் கடிகாரக் கண்ணாடியின் மேல் அமர்ந்தது. அதன் அடியில் எட்டு ஐம்பத்து மூன்று, எட்டு ஐம்பத்து நான்காகிக்கொண்டிருந்தது.