காலியாகாத அறை

அப்பா ஊதினார். மூச்சின் வேகத்தை அளக்கும் பிளாஸ்டிக் குழாயின் ஓரத்தில் இருந்த சிவப்பு முள் இருநூற்று இருபதில் நின்றது. முந்தின நாள் இருநூற்று அறுபது.

"இந்த வயசுல என்னைப் பீப்பி ஊத வெச்சுட்டியே," என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டேன்.

அப்பா முப்பத்தோரு வருடம் நூற்பாலையில் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசியும் அவரோடு சேர்ந்து ஓய்வு பெற்று வந்துவிட்டது. அண்ணன் வீட்டில் இருந்தவர் இரண்டரை மாதத்துக்கு முன் எங்களிடம் வந்தார். அங்கே டிவி ரிமோட்டைத் தொடக்கூட மனுப் போட வேண்டியிருக்கிறது என்றார். இங்கே நானும் அக்காவும் மட்டும். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை. ஹாலில் அக்கா படுத்திருந்த கட்டிலை அப்பாவுக்குக் கொடுத்தோம். வந்ததிலிருந்து இருமல் கூடிக்கொண்டே போனது.

மாத ஆரம்பத்தில் அண்ணன் வந்தான். ஜன்னல் விளிம்பில் விரலால் ஒரு கோடு இழுத்து, விரலைப் பார்த்தான்.

"ரெண்டு பொண்ணுங்க இருக்கிற வீடா இது?"

"ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடு," என்றாள் அக்கா. "துடைப்பம் கதவுக்குப் பின்னால இருக்கு. விரலை எதுக்கு வீணாக்குறே?"

அண்ணன் அதைக் காதில் வாங்கவில்லை. "இருபதாம் தேதி டாக்டரைப் பார்க்கிறோம். முந்நூறைத் தொடலேன்னா அப்பா என்கூட வந்துடணும். பெட்டியும் கொண்டாந்துட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினான். "என்ன ஊமைக்கோட்டான், நீ ஒண்ணும் சொல்லலியா?"

சொல்ல இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவன் போன பிறகு அப்பா கறுப்புப் பெட்டியைக் காட்டி, "அதை என் கண்ணுல படாம வைம்மா," என்றார். படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

அன்றைக்கே ஒரு கால அட்டவணை போட்டேன். ஏழு மணிக்குப் பெருக்குவது, எட்டுக்குப் பாத்திரம், இப்படி. அது மூன்று நாள் கூடத் தாங்கவில்லை. நான் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். மூன்று ஷிஃப்ட், மாறி மாறி வரும். காலை ஏழு மணிக்கு ஒரு நாள் எழுந்திருப்பேன், ஒரு நாள் வீடு திரும்புவேன், ஒரு நாள் வேலையில் இருப்பேன். அக்கா பஸ் ஓட்டுகிறாள். சில நாள் விடியுமுன் வண்டியை எடுப்பாள், சில நாள் மத்தியானம். வார விடுமுறை அவளுக்கு வெள்ளி, எனக்குச் செவ்வாய்.

மணியை விட்டுவிட்டேன். எப்படியும் செய்கிற காரியங்களோடு வேலைகளைக் கட்டினேன். தண்ணீர் கொதிக்கும்வரை அடுப்பு மேடையைத் துடைப்பது. குளித்துவிட்டு வரும்போதே குளியலறைத் தரையைத் தேய்ப்பது. வெளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும், உட்காருவதற்கு முன் பெருக்குவது. உட்கார்ந்துவிட்டால் அவ்வளவுதான். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் தாளை ஒட்டி, ஒவ்வொரு வேலைக்கும் கட்டம் போட்டேன்.

"லேப்ல ரத்தத்துக்கு லேபிள் ஒட்டுறே, சரி. பக்கெட்டுக்குமாடி?" என்று கேட்டாள் அக்கா. ஆனாலும் கட்டங்களில் தவறாமல் குறியிட்டாள்.

ஒரு வாரத்தில் ஹால் தரையில் முகம் தெரிந்தது. அப்பாவின் முள் மட்டும் முந்நூறை எட்டவில்லை. சில நாள் ஏறியது, சில நாள் இறங்கியது.

அப்பாவின் எண் தாளையும் வேலைக் கட்டத் தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். இறங்கிய நாட்களில் எல்லாம் அக்கா பகலில் தூங்கியிருந்தாள். அவளுக்கு மின்விசிறி ஐந்தாம் எண்ணில் சுற்ற வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். கதவுக்கு நேர் எதிரே அப்பாவின் கட்டில்.

அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பெட்ரூமை எப்பப் பெருக்கினே?"

"நான் எங்க பெருக்கினேன்? நான் வர்றப்ப எல்லாம் நீ தூங்கிட்டிருப்பே. பாவம்னு விட்டுடுவேன். நீதான் பெருக்குறியே."

"நான் வர்றப்ப நீ தூங்கிட்டிருப்பே."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். கட்டத்துக்கு நான் எழுதியிருந்த தலைப்பு, 'வீடு பெருக்குதல்'. இரண்டு பேரும் வீட்டைப் பெருக்கியிருந்தோம், அந்த அறையைத் தவிர.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றார் அப்பா கட்டிலிலிருந்து. "பூனை மாதிரி நடக்குறீங்க, குசுகுசுன்னு பேசுறீங்க. ஒருத்தியை ஒருத்தி தாலாட்டியே வீட்டைக் கெடுத்துட்டீங்க."

ஷிஃப்ட் பட்டியல்களை எடுத்துக் கணக்குப் போட்டேன். எழுபத்து நான்கு நாட்களாக, எங்களில் ஒருத்தி துடைப்பத்தை எடுத்த நேரமெல்லாம் இன்னொருத்தி அந்த அறையில் தூங்கியிருந்தாள், அல்லது நாங்களே களைத்து விழுந்துகொண்டோ ஓடிக் கிளம்பிக்கொண்டோ இருந்தோம். எழுபத்து நான்கு நாட்களுக்கு முன்புதான் அக்கா ஹால் கட்டிலைக் காலி செய்து உள்ளே வந்தாள். இதை அப்பாவிடம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்து, அப்போதுதான் எழுந்திருந்தேன். அக்கா மத்தியானம் வந்து செருப்பைக் கழற்றினாள். வாசலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நின்றிருந்தேன்.

"இன்னிக்கு உள்ள படுக்கக் கூடாது."

"அடிப்பாவி! மூணு மணிக்கு எழுந்தவடி நான்."

"அப்பா கட்டில்ல படுத்துக்கோ. அப்பாவைக் கீழ் வீட்டுக்கு அனுப்பியாச்சு."

அவள் போய் ஹால் கட்டிலில் படுத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலை இழுத்தேன். கறுப்புப் பெட்டி சாம்பல் நிறத்தில் இருந்தது. ஒன்பதே நாள். விசிறியின் இறக்கைகளில் தூசி வெல்வெட்டுத் துணி போலப் படிந்திருந்தது. எல்லாவற்றையும் ஈரத் துணியால் துடைத்தேன். ஆறு வாளித் தண்ணீர் ஆனது. ஆறாவது வாளியில்தான் அடி தெரிந்தது. பெட்டியைக் கழுவி, ஹால் கதவுக்குப் பின்னால் வைத்தேன்.

ஒரு முறை துடைப்பதில் ஒன்றுமில்லை. மறுபடி சேரும். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஷிஃப்ட் முடிந்து போகிறவர் கருவியைத் துடைத்துக் கையெழுத்துப் போட்டால்தான் வருகிறவர் பொறுப்பேற்பார். துடைக்காத கருவியைத் தொடமாட்டார். கட்டிலுக்கும் அதையே வைத்தேன். தூங்கி எழுந்திருப்பவர் கட்டிலுக்கு அடியில் ஈரத் துணியால் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். பத்து நிமிட வேலை.

"தூங்கி எழுந்ததுக்குக் கையெழுத்தா? எங்க டிப்போவே தேவலாம்," என்றாள் அக்கா.

மூன்றாம் நாள் அவள் அவசரமாகக் கிளம்பிப் போயிருந்தாள். கட்டம் காலியாக இருந்தது. நான் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தேன், கண் சொருகியது. நானே துடைத்திருக்கலாம். துடைத்தால் இனி எப்போதும் நான்தான் துடைக்க வேண்டும். ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கினேன்.

மத்தியானம் அக்கா உலுக்கி எழுப்பினாள். "ஏண்டி இங்க கழுத்தைத் தொங்கப் போட்டுட்டுத் தூங்குறே?"

"கட்டில் இன்னும் உன் ஷிஃப்ட்ல இருக்கு."

அப்பா சிரித்து, அதனால் இருமினார். அக்கா துணியை நனைத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு எந்தக் கட்டமும் காலியாக இருக்கவில்லை.

இருபதாம் தேதி டாக்டர் மூன்று முறை ஊதச் சொன்னார். இருநூற்று எண்பது. இருநூற்றுத் தொண்ணூறு. அப்பா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதை ஊதினார். முந்நூற்று ஐந்து.

"ஒரு தடவைதானே தாண்டுச்சு?" என்றான் அண்ணன்.

"மூணுல அதிகமானதைத்தான் எடுத்துக்கணும்," என்றார் டாக்டர். "இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கதவுக்குப் பின்னாலிருந்த பெட்டியை எடுத்தான்.

"இது இங்கயே கிடக்கட்டும். அடுத்த மாசம் தேவைப்பட்டாலும் படும்," என்று படுக்கையறைக்குள் கொண்டுபோய்க் குனிந்தான்.

"கட்டிலுக்கு அடியில எதுவும் வைக்கக் கூடாது," என்றேன்.

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அண்ணன் குனிந்தபடியே திரும்பிப் பார்த்தான்.

"ஊமைக்கோட்டானே வாயைத் திறந்தாச்சு," என்றார் அப்பா. "எடுத்துட்டுப் போடா."

அண்ணன் பெட்டியோடு படியிறங்கினான். அக்கா வரும் நேரமாகியிருந்தது, எனக்கு இரண்டு மணி ஷிஃப்ட். துணியை நனைத்துக்கொண்டு உள்ளே போனேன்.