ஊதாக் கல்லும் ரிவர்ஸ் கியரும்

கைவினைக் கண்காட்சிக்குக் கிளம்ப வேண்டிய காலையில் அவளுடைய கணவர் நைசாகக் கம்பி நீட்டிவிட்டார். ஆபீசில் ஏதோ அவசரமாம். "கவலைப்படாத, அக்காவை அங்க வரச் சொல்லிட்டேன். உனக்குப் பேச்சுத் துணையா இருப்பாங்க" என்று போனில் சொன்னார்.

அவளுக்கு வேண்டியிருந்தது பேச்சுத் துணை அல்ல, பெட்டி தூக்க ஓர் ஆள்.

வீட்டில் அவளுக்குக் கம்பிக்காரி என்று பெயர். செம்புக் கம்பியை வளைத்து முறுக்கி, நடுவில் வண்ணக் கல்லை நிறுத்தித் தோடும் டாலரும் செய்வாள். கல்லில் துளை போடாமல், பசை வைக்காமல், கம்பியின் பிடியிலேயே அது நிற்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் மொத்தத்தையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். சாப்பாட்டு மேஜையில் பாதி அவள் பட்டறை. மறுபாதியில் சாப்பிடுகிறவர்கள் கம்பித் துணுக்கு தெறிக்காமல் தட்டைக் கையால் மறைத்துக்கொள்வார்கள்.

நாத்தனார் ரயில் நிலைய விசாரணை கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியே பழகிய வாய். இப்போது கேட்கத்தான் ஆளில்லை.

பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் கண்காட்சி. கூடைப்பந்துக் கோடுகளின் மேல் மடக்கு மேஜைகள். வந்தவர்கள் டாலரை எடுத்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள், வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவர், "எங்க வீட்டு எலக்ட்ரீஷியன் மிச்சம் வெச்சுட்டுப் போன ஒயர் மாதிரியே இருக்கு" என்று பாராட்டாகவே சொன்னார். கம்பிக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த நேரத்தில்தான் ஒரு பெண் ஊதாக் கல் டாலரைக் கையில் எடுத்து, "இது எதுக்கு?" என்று கேட்டாள்.

கழுத்தில் போட என்று சொல்லக் கம்பிக்காரி வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டார். "பயம் போறதுக்கும்மா. கையில கெட்டியா பிடிச்சுக்கிட்டா போதும், படபடப்பு பறந்துடும்."

"நிஜமாவா? மத்தியானம் எனக்கு டிரைவிங் டெஸ்ட்."

"உனக்குன்னே வந்த கல்லு!"

அவள் வாங்கிக்கொண்டு போனாள். பின்னால் நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். பச்சைக் கல்லுக்குக் கல்யாண யோகம் வந்தது, மஞ்சளுக்கு ஞாபக சக்தி, சிவப்புக்கு முழங்கால் வலி நிவாரணம். மேஜை பாதி காலியானது. கம்பிக்காரிக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. கூட்டம் சற்று விலகியதும் நாத்தனாரை ஓரமாக இழுத்தாள்.

"அண்ணி, காதுல கம்பி மாட்டுறது என் தொழிலு. நீங்க ஏன் பூ சுத்துறீங்க?"

"வித்துச்சா இல்லையா?"

"நான் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு ஒடிஞ்சு செஞ்சது அது. ஒருத்தர்கூட அந்த முறுக்கைப் பார்க்கலை. முழங்கால் வலிக்கு வாங்கிட்டுப் போறாங்க!"

"பார்க்கலைன்னா நீ சொல்லணும். வாயில கொழுக்கட்டையா? நீ பேச மாட்ட, நான் பேசினா குத்தம்."

கம்பிக்காரி ஓர் அட்டையைக் கிழித்து, 'கற்களுக்கு எந்தச் சக்தியும் கிடையாது. அழகுக்கு மட்டும்' என்று எழுதி முன்னால் நிறுத்தினாள். நாத்தனார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். வந்தவர்கள் அட்டையைப் படித்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பக்கத்து மேஜைக்குப் போனார்கள். அங்கே மெழுகுவத்தி அமோகமாக விற்றது.

மதியம் தாண்டியிருக்கும். டிரைவிங் டெஸ்ட் பெண் விறுவிறுவென்று வந்தாள். கண் சிவந்திருந்தது. டாலரை மேஜைமேல் எறிந்தாள்.

"ஃபெயில்! உங்க கல்லை நம்பித்தான் போனேன். ரிவர்ஸ் எடுக்கும்போது பயமா இருந்துச்சு. கெட்டியா பிடிச்சுக்கன்னு சொன்னீங்களே, பிடிச்சுக்கிட்டேன். ஒத்தைக் கையால ஸ்டியரிங்கைத் திருப்பி நேரா கம்பத்துல கொண்டு போய் மோதிட்டேன்!"

கூட்டம் கூடியது. நாத்தனார் சமாளித்துவிட்டு நழுவப் போகிறார், எல்லாம் தன் தலையில்தான் விடியும் என்று கம்பிக்காரி நினைத்தாள். ஆனால் நாத்தனார் எழுந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"அடி ஏதும் படலையே?"

"இல்லை."

"நான்தாம்மா சொன்னேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இவ அப்பவே என்னைத் திட்டினா. இவளை ஒண்ணும் சொல்லாத, தப்பு என்னோடது." தன் பர்சைத் திறந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை நகர்த்திப் போட்டார். "உட்காரு. எந்த இடத்துல பயம் வந்துச்சு?"

அந்தப் பெண் நிற்பதா போவதா என்று தெரியாமல் உட்கார்ந்தாள். வீட்டில் எல்லோரும் உனக்கு எதற்குக் கார் என்று சிரித்தது, யாருக்கும் சொல்லாமல் டெஸ்டுக்கு வந்தது, இப்போது எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது என்பது எல்லாம் வெளியே வந்தது. நாத்தனார் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அப்படி வாய் மூடி இருந்து கம்பிக்காரி பார்த்ததே இல்லை.

கம்பிக்காரி டாலரைக் கையில் எடுத்தாள். அந்தப் பெண் பிடித்த பிடியில் ஒரு பக்கத்து முறுக்கு நசுங்கியிருந்தது. கல் மட்டும் அசையவில்லை. இடுக்கியை எடுத்து நிமிர்த்தத் தொடங்கினாள்.

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சியபடி எட்டிப் பார்த்தாள். "பசை போட்டு ஒட்டலையா?"

"இல்லைங்க. சுத்தியிருக்கிற கம்பிதான் பிடிச்சிருக்கு. இதோ, இங்க போய் அடியில வளைஞ்சு, இப்படி வருது பாருங்க."

"இவ்வளவு நசுக்கியும் கல்லு விழலையே!"

"விழாது" என்றாள் கம்பிக்காரி. குரலில் கொஞ்சம் கர்வம் இருந்தது.

அந்தப் பெண் முறுக்கை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு நாத்தனார் கொடுத்த பணத்தை மேஜைமேலேயே வைத்தாள். "கொடுங்க, கழுத்துலேயே போட்டுக்கறேன். அடுத்த தடவை ரெண்டு கையாலயும் ஓட்டறேன்."

அவள் போனதும் கம்பிக்காரி நாத்தனாரின் பக்கம் திரும்பினாள். கோபம் முழுதாகப் போகவில்லை. இருந்தாலும் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "பேசுங்க அண்ணி, வேண்டாங்கலை. ஆனா எப்படிச் செய்யறோம்னு மட்டும் பேசுங்க. உள்ளதைச் சொல்லுங்க."

"அவ்வளவுதானே!" நாத்தனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, நடந்துகொண்டிருந்த ஒரு தம்பதியைக் கைகாட்டி அழைத்தார். "வாங்க, வாங்க. பசையே இல்லாம கம்பியாலயே கட்டினது. கையால செய்யறதுன்னா சும்மாவா? இந்தத் தோட்டை முறுக்கும்போது கம்பி குத்தி இவளை ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துட்டோம்."

"அண்ணீ!"

"ரெண்டு நாள் நினைவே இல்லை, பாவம்."

கம்பிக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். அந்தத் தம்பதி அவள் விரல்களை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டே தோட்டைக் கையில் எடுத்தார்கள்.